முதல் வருடத்துக்குக் கணிதக் குப்பி எடுக்கச் சொல்கிறார்கள், எப்படி நடத்துவது?

மூன்றாம்வருடம் எழுதியது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

நான் இலங்கையில் ஒரு பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருடம். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதவில்லை, ஏன் என்பது வாசிக்க விளங்கும். இந்த முறை வந்திருக்கிற முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கணிதக் குப்பியை, அதாவது சீனியர்மார் ஜூனியர்மாருக்குச் சும்மா எடுக்கிற வகுப்பை, நான் பொறுப்பெடுக்க வேண்டும் என்று பட்சில், எங்கள் வருடத்து ஆட்களுக்குள், முடிவாகிவிட்டது. எனக்கும் விருப்பம்தான். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் விரிவுரை ஓட ஓட ஒன்றும் பிடிபடாமல் இருந்த நாங்கள் முதல் செமஸ்டரைத் தாண்டியது சீனியர் அண்ணாமார் இரவிரவாக இருந்து சொல்லித் தந்ததால்தான். அதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று மனதில் இருக்கிறது. ஆனால் எப்படிச் செய்வது என்பதுதான் மண்டையைக் குடைகிறது.

எங்களுக்கு நடந்த குப்பி எப்படியென்றால், அண்ணா வெண்பலகையின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரை பாஸ் பேப்பர் (பழைய பரீட்சைத் தாள்) கணக்குகளைச் செய்துகொண்டே போவார், நாங்கள் பின்னாலேயே எழுதுவோம், முடிய எல்லோரும் போனில் படம் எடுப்போம். அவர் செய்யும்போது எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும். அடுத்த நாள் அதே கணக்கை வெறும் தாளில் செய்யப் போனால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தன் நித்திரையை விட்டுத்தான் வந்தார். ஆனால் அதையே நானும் செய்தால் போதுமா?

பிறகு, கணிதத்தில் எங்கள் பட்சின் முதல் ஆள் நான் இல்லை, எனக்கு ஏ மைனஸ். முதலாவதாக வந்த நண்பன் தனக்குச் சொல்லிக்கொடுக்க வராது என்று விலகிவிட்டான். மூன்றாம் வருட லாப், ரிப்போர்ட், டிசைன் புரொஜெக்ட் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கிற காலம் வேறு, கிழமையில் எவ்வளவு நேரம் இதற்கு ஒதுக்கலாம் என்றும் தெரியவில்லை.

இதெல்லாவற்றையும் விடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. பகிடிவதைக்கு (ராகிங்குக்கு) போக மாட்டோம் என்று நின்ற சில முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் குப்பி நடக்கிற நேரம், இடம் சொல்லக் கூடாது, வட்ஸ்அப் குழுவில் சேர்க்கக் கூடாது என்று பட்சில் சிலர் பிடிவாதமாக நிற்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஆனால் பட்டம் முடியும் வரை இவர்களோடுதான் ஒரே விடுதியில் இருக்க வேண்டும். குப்பி எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மகாவலிக்கரை எழுதியது:

தம்பி, நான் பேராதனை. அக்பர் விடுதியில் இருந்த காலத்தில் கணிதமும் மின்சுற்றும் குப்பி எடுத்தவன். பகிடிவதை விசயத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் நடத்துகிற முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மாக்கர் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான் யோசிக்கிறார். அது உங்கள் கையில் இருக்கும் மட்டும் பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டாம் வரிசை வகையீட்டுச் சமன்பாட்டில் ஒரு கணக்கு: ஒய்யின் இரண்டாம் பெறுதியோடு நாலு ஒய்யைக் கூட்டினால் சைன் 2எக்ஸ். வலப்பக்கத்தில் சைன் இருப்பதைப் பார்த்ததும் பிள்ளை சிறப்புத் தீர்வுக்கு சைன் 2எக்ஸும் கொசைன் 2எக்ஸும் வைத்துத் தொடங்கும். இரண்டு தரம் வகையிட்டுப் போட்டால் இடப்பக்கம் முழுக்க வெட்டுப்பட்டுப் பூச்சியமாகிவிடும், வலப்பக்கம் சைன் அப்படியே நிற்கும். இந்த இடத்தில் பிள்ளை பேனையை வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். 'எக்ஸால் பெருக்கு' என்று நீங்கள் சொன்னால் கணக்கு உடனே முடிந்துவிடும், ஆனால் பரீட்சையில் அந்தப் பிள்ளை திரும்ப இதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே அதைச் சொல்லாமல் 'ஏன் பூச்சியம் வந்தது?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பதுதான் சரியான கஷ்டம், அறையே அமைதியாகிவிடும், உங்களுக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கும். பொறுங்கள். யாராவது ஒருவர் மேலே போய், வலப்பக்கத்தைப் பூச்சியமாக எடுத்துக் கண்ட தீர்வில் அதே சைன் 2எக்ஸ் இருப்பதைக் கண்டுபிடிப்பார். பூச்சியம் தருகிற சார்பையே திரும்பக் கொண்டுவந்து வைத்தால் பூச்சியம்தானே வரும் என்று அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகு எக்ஸால் பெருக்குகிற விதியைச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். எக்ஸை நேரமாக எடுத்துக்கொண்டால் வெளியிலிருந்து தள்ளுகிற விசையின் மீடிறனும் தொகுதியின் இயல்பான மீடிறனும் ஒன்றாகிவிட்டதைத்தான் அந்தச் சமன்பாடு சொல்கிறது, வீச்சம் நேரத்தோடு கூடிக்கொண்டே போகும், உயர்தரப் பௌதிகவியலில் படித்த பரிவுதான் இது என்று சொன்னால் அந்தக் கணக்கைப் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

இப்படிச் செய்தால் இரண்டு மணித்தியாலத்தில் மூன்று நாலு கணக்குத்தான் போகும். அது போதும். 'அண்ணா, கனக்கச் செய்யுங்கள்' என்று கேட்பார்கள், அதற்கு வளைந்து கொடுக்காதீர்கள். மிச்சக் கணக்குகளைக் கடைசி விடையோடு மட்டும் கொடுத்துவிடுங்கள், வழியை அவர்கள் கண்டுபிடிக்கட்டும். மூன்று பேர், நாலு பேராகச் சேர்த்து இருத்துங்கள், ஒரே பாடசாலையிலிருந்து வந்தவர்கள் ஒன்றாகக் குந்திக்கொள்வார்கள், அதை முதல் நாளே மெதுவாகக் கலைத்துவிட வேண்டும்.

இன்னொன்று. 'விளங்குதா?' என்று கேட்காதீர்கள். சீனியர் கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் தலையாட்டுவார்கள். 'அடுத்த வரி என்ன வரும், தாளில் எழுது' என்று சொல்லிவிட்டு வரிசைக்கு நடுவே நடந்து போனால் யாருக்கு விளங்கவில்லை என்பது தாளிலேயே தெரியும்.

மருத்துவபீடம்_யாழ் எழுதியது:

ஏ மைனஸ் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்களுக்கு உடற்கூற்றியலில் குப்பி எடுத்த அக்கா பட்சில் நடுவில் இருந்தவர்தான், ஆனால் அவரிடம் படித்தது போல வேறு யாரிடமும் படிக்கவில்லை. எது எதோடு குழம்பும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், தானும் அந்த இடத்தில் கஷ்டப்பட்டுத்தான் கடந்து வந்திருக்கிறார். சீனியர்மாரிடமிருந்து கைமாறி வந்த எலும்புகள் ஒரு பெட்டி நிறைய அவரிடம் இருந்தன. நோட்ஸைத் திறக்கவே விட மாட்டார். ஒரு எலும்பைக் கையில் தந்து, 'இது வலதா, இடதா? எப்படித் தெரியும்?' என்று கேட்பார், அவ்வளவுதான். ஒரு மேடு, ஒரு பள்ளம், எந்தப் பக்கம் மூட்டு என்று தடவித் தடவி நாங்களே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னாலும் விட மாட்டார், பக்கத்தில் இருக்கிறவருக்கு விளக்கிச் சொல் என்பார். ஸ்பொட் பரீட்சையில் மணி அடிக்கிறதற்குள் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துப் பதில் எழுத வேண்டும், அந்த நேரத்தில் நோட்ஸில் வாசித்தது நினைவுக்கு வராது, கையால் தொட்டது வரும்.

பட்சில் முதலாவதாக வருகிறவர்களுக்குச் சில நேரம் எது கஷ்டம் என்றே தெரியாது. அவர்கள் தாண்டிப் போகிற படியில்தான் மற்றவர்கள் விழுகிறார்கள். உங்கள் நண்பன் விலகியதும் ஒரு விதத்தில் நல்லதுதான், ஆனால் நீங்கள் தயார் செய்யும் கணக்குகளை அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அவர் மறுக்க மாட்டார்.

தென்கடல் எழுதியது:

நான் மொரட்டுவையில் முடித்துவிட்டு அவுஸ்திரேலியாவில் மாஸ்டர்ஸ் செய்தபோது கிட்டத்தட்ட இதே வேலையைச் சம்பளத்துக்குப் பார்த்தேன். அங்கே இதை PASS என்று சுருக்கமாகச் சொல்வார்கள், பாஸ் பேப்பர் இல்லை, ஒரு பாடத்தை அண்மையில் நன்றாகச் செய்த மாணவர் அதற்கு அடுத்து வருகிறவர்களோடு கிழமைக்கு ஒரு தடவை இருந்து படிப்பிப்பது. அமெரிக்காவில் மிசூரி கன்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் என்பவர் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தாக்கவியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய முறைதான் மூலம், அது பிறகு பல நாடுகளுக்கும் போனது. அவுஸ்திரேலியாவில் வொலொங்கொங் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு மையம் மாதிரி இருந்தது, மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள்.

அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விசயம், அவர்கள் 'பலவீனமான மாணவர்' என்று யாரையும் பிரித்து எடுப்பதில்லை. எந்தப் பாடத்தில் கனபேர் விழுகிறார்களோ அந்தப் பாடத்தைப் பிடிக்கிறார்கள், அந்தப் பாடம் எடுக்கிற எல்லோரையும் கூப்பிடுகிறார்கள், வருவதும் வராததும் அவரவர் விருப்பம். ஆகவே அங்கே போவதில் யாருக்கும் வெட்கம் இல்லை, ஏ எடுக்கிறவனும் வருவான், றிப்பீட் செய்கிறவனும் வருவான், இரண்டு பேரும் ஒரே மேசையில் இருப்பார்கள். எங்கள் ஊரில் குப்பி என்றால் பெயிலாகிற ஆட்களுக்கு என்று ஒரு கதை சில இடங்களில் உண்டு, அதை முதல் நாளே உடைத்துவிடுங்கள்.

இதைப் பற்றிப் பேசும்போது யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியரைச் சொல்லாமல் விட முடியாது. கலிபோர்னியாவில் பேர்க்லியில் 1970களில் கல்குலஸ் படித்த கறுப்பின மாணவர்கள் பலர் ஏன் விழுகிறார்கள் என்று தேடிப் போனவர். அவர்கள் உழைக்காமல் இல்லை, தனியே அறையில் இருந்து உழைத்தார்கள். அதே வகுப்பில் நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒன்றாகக் கூடி ஒருவர் விடையை மற்றவர் பார்த்துத் திருத்தி, எந்தக் கணக்கு எல்லோருக்கும் கஷ்டம் என்று கதைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து அவர் அமைத்த குழு வகுப்புகளில் கொடுத்தது இலகுவான திருத்தக் கணக்குகள் இல்லை, வகுப்பில் கொடுப்பதை விடக் கஷ்டமான கணக்குகள். அந்த வகுப்புகளுக்கு வந்தவர்களின் பெறுபேறு தெளிவாக உயர்ந்தது. மகாவலிக்கரை அண்ணா சொல்வதும் இதைத்தான், கொஞ்சம் கடினமான கணக்கைக் கொடுத்து ஒன்றாக முட்ட விடுங்கள்.

வேலை தொடங்க முன் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். அதில் திரும்பத் திரும்பச் சொன்னது, விரிவுரையைத் திரும்ப எடுக்காதே. யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் 'இதை யார் சொல்கிறீர்கள்?' என்று அறைக்குத் திருப்பு, யாருக்கும் தெரியாவிட்டால் 'நோட்ஸில் எங்கே இருக்கும், தேடுவோம்' என்று சொல். ஒப்படைகளில் கை வைக்காதே. தயார் செய்கிற நேரத்துக்கும் சம்பளம் கிடைத்தது. படிக்கிற விசாவில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடு இப்போது இருக்கிறது, இந்த மணித்தியாலங்களும் அதற்குள் அடங்கும், பிறகு அங்கே படிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்களிடம் இந்தப் பயிற்சியும் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், அங்கே மாணவர்களை வாய் திறக்க வைக்கவே பாதி நேரம் போகும். குப்பியில் பிள்ளைகள் தங்கள் மொழியில், தங்கள் விடுதி ஆட்களிடம், விரிவுரையாளரிடம் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்பார்கள். அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பேப்பர் எழுதியது:

மேலே சொன்னவர்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். செமஸ்டர் நடுவில் மூன்று கணக்கோடு இரண்டு மணித்தியாலம் இருப்பது நல்லதுதான். ஆனால் படிப்பு விடுமுறை தொடங்கிய பிறகு பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு. எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது, எதற்கு எத்தனை நிமிடம், எந்தப் படியை எழுதாவிட்டால் புள்ளி போகும் என்று சொல்ல சீனியரை விட்டால் வேறு யாரும் இல்லை. சிலர் வீட்டில் முதல் ஆளாகக் கம்பஸ் வந்தவர்கள், ஒரு செமஸ்டர் றிப்பீட் ஆனாலே வீட்டில் சொல்ல முடியாமல் தவிப்பார்கள். ஆகவே கடைசிக் குப்பியில் ஒரு முழுப் பேப்பரை நேரம் பிடித்து எழுத விடுங்கள், போனை எல்லாம் வாங்கி வைத்துவிட்டு. பிறகு தாளை மாற்றித் திருத்தச் சொல்லுங்கள். அடுத்தவருடைய தாளைத் திருத்தும்போதுதான் தான் எங்கே புள்ளி விடுகிறேன் என்று தெரியும். பாஸ் பேப்பர் குப்பியைக் கீழாகப் பார்க்க வேண்டாம், அதை எப்போது செய்கிறோம் என்பதுதான் விசயம்.

மூன்றாம்வருடம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாஸ்பேப்பர் சொன்னது போலக் கடைசியில் ஒரு முழுப் பேப்பர் வைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. தமிழில் எடுப்பதா, ஆங்கிலத்தில் எடுப்பதா? தமிழில் சொன்னால் கெதியாக விளங்கும், ஆனால் பேப்பர் ஆங்கிலத்தில்தானே வரும். முதலாம் வருடத்தில் சிங்களப் பிள்ளைகளும் சிலர் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்தது, குழு தொடங்கின அன்றே இரவு ஒரு மணிக்கு 'அண்ணா இந்த ஒப்படை மூன்றாம் கேள்வி' என்று படம் வந்துவிட்டது. இதை எப்படிக் கையாள்வது?

அறிவியல்நகர்_அக்கா எழுதியது:

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், கிளிநொச்சி அறிவியல் நகர். எங்கள் பீடத்தில் சிங்களப் பிள்ளைகள் நிறைய, ஆகவே மொழிப் பிரச்சினையை முதல் நாளிலிருந்தே பார்த்தவள். நான் செய்தது இப்படி. கேள்வியை ஆங்கிலத்தில் அப்படியே வாசிப்போம், வெண்பலகையில் எழுதுவது முழுக்க ஆங்கிலம், கதைத்துப் பிடிபட வைப்பது அவரவர் மொழியில். தமிழ்ப் பிள்ளை தமிழில் விளங்கப்படுத்தும், பக்கத்தில் இருக்கிற சிங்களப் பிள்ளைக்கு அதே பிள்ளை உடைந்த ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சொல்லும். அந்த உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பழகின பிள்ளைகள்தான் பிறகு வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) பயமில்லாமல் நின்றார்கள். உயர்தரத்தில் தாயம், காவி, தொகையீடு என்று படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பெயர்களை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அது ஒரு பக்கம்தான் வரும், அதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

இடத்தையும் நேரத்தையும் யோசியுங்கள். பொடியங்களின் விடுதியில் இரவு பத்து மணிக்குக் குப்பி வைத்தால் பெண் பிள்ளைகளுக்கு அது இல்லாத குப்பிதான். எங்கள் விடுதிக் கதவு மூடுகிற நேரத்தை ஒரு அண்ணாவும் கேட்டதில்லை, நோட்ஸ் மட்டும் வரும். நான் பொறுப்பெடுத்தபோது பின்னேரம் விரிவுரை முடிந்த கையோடு பீடத்திலேயே வெற்று வகுப்பறையில் வைத்தேன். வருகிறவர்கள் தொகை கூடியது, முன்வரிசையில் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது பகிடிவதை விசயம். தம்பி, இதில் நடு வழி கிடையாது. குப்பியைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரமாக மாறினால், படிப்பைக் காட்டிப் பணிய வைப்பதுதான் அது, அதுவும் பகிடிவதைதான். இலங்கையில் பகிடிவதையைத் தடை செய்கிற சட்டம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமாக இருக்கிறது, சிறைத் தண்டனை வரை போகும், அது வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு முதலாம் வருடப் பிள்ளை நோட்ஸுக்காகத் தலைகுனிய வேண்டுமா? நீங்கள் பட்சோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அறிவித்தலைத் திறந்த இடத்தில் போடுங்கள், பீட அறிவித்தல் பலகையில், முழு முதலாம் வருடத்துக்கும். திறந்த அறை, திறந்த நேரம். யார் வந்தாலும் இருக்கலாம். யாரையும் கூப்பிடவும் இல்லை, யாரையும் துரத்தவும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். எவனாவது வாசலில் நின்று ஆள் பிரிக்க வந்தால், 'அப்படியென்றால் இன்றைக்குக் குப்பி இல்லை, நீயே எடு' என்று மாக்கரை நீட்டுங்கள். வாங்க மாட்டான்.

இன்னும் ஒன்று, அந்தப் பிள்ளைகள் முதல் நாள் வரத் தயங்குவார்கள். வந்தால் பின்னால் கதவோரம் இருப்பார்கள். அவர்களைத் தனியாக எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள், குழுவில் சேர்த்து இருத்துங்கள், அது போதும்.

உதவிவிரிவுரையாளர் எழுதியது:

தற்காலிக உதவி விரிவுரையாளராக இருக்கிறேன், விடைத்தாள் திருத்துகிற பக்கத்திலிருந்து சில விசயம். கைமாறி வருகிற பழைய விடைக் கட்டுகளை நம்பி எடுக்காதீர்கள். ஒரே பிழை எத்தனையோ பட்சாக அப்படியே வருவதைத் தாளில் பார்க்கிறோம். மின்சுற்றில் தெவனின் தடை (சுற்றை ஒரு மூலமும் ஒரு தடையுமாகச் சுருக்கும்போது வருகிற தடை) காண்கிறபோது எல்லா மூலங்களையும் அணைத்துவிடு என்று ஒரு கட்டில் எழுதியிருக்கும், பிள்ளைகள் சுற்றில் இன்னொரு மின்னோட்டத்தைப் பொறுத்து மாறுகிற சார்ந்த மூலத்தையும் சேர்த்து அணைத்துவிடுவார்கள். சுயாதீன மூலங்களைத்தான் அணைக்கலாம், சார்ந்த மூலம் அப்படியே இருக்க வேண்டும், வெளியில் ஒரு சோதனை மூலத்தை இணைத்து அதன் அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். கட்டில் உள்ள ஒவ்வொரு விடையையும் நீங்களே ஒரு தடவை செய்து பார்த்த பிறகுதான் கொடுங்கள்.

ஒப்படைப் படங்களுக்கு ஒரே பதில்: புள்ளி போடுகிற எதையும் குப்பியில் தொட மாட்டோம். ஒரே விடை ஐந்து தாளில் வந்தால் எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்போம், கொடுத்த சீனியரின் பெயரும் வரும். அதே மாதிரியான வேறு கணக்கை எடுத்து விளங்கப்படுத்துங்கள், அதை யாரும் பிழை சொல்ல முடியாது. இரவு வருகிற கேள்விகளுக்கு இரவே பதில் போடத் தொடங்கினால் பிறகு நிற்காது. கேள்வியைக் குழுவில் போடுங்கள், அடுத்த குப்பியில் பார்ப்போம், அதற்குள் யாராவது முயற்சி செய்து போடுங்கள் என்று ஒரு வரி எழுதி விடுங்கள். பெரும்பாலும் காலைக்குள் அவர்களுக்குள்ளேயே பதில் வந்திருக்கும்.

நேரம் கேட்டீர்கள். கிழமைக்கு ஒரு குப்பி, இரண்டு மணித்தியாலம், அதற்குத் தயார் செய்ய அதே அளவு நேரம். இதற்கு மேல் எடுக்க வேண்டாம், உங்கள் ஜீபிஏயை விட்டுக்கொடுத்துச் செய்யச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. இரண்டாம் வருடத்தில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு லாப் ரிப்போர்ட் இருக்கிற கிழமை அவர் எடுப்பார், அடுத்த வருடம் அவரே பொறுப்பெடுப்பார்.

பகிடிவதைக்கு: அக்கா சொன்னது சரி. மிரட்டல் என்று வந்தால் மாணவ ஆலோசகரிடம் போங்கள், பீடத்துக்குள் நம்பிக்கை இல்லாவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே நேரடியாக முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது. வகுப்பறையைத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு எடுங்கள். அனுமதி எடுத்த அறையில் நடக்கிற வகுப்பு பீடத்தின் வகுப்பு மாதிரி, அதில் யார் வரலாம் என்று எந்த பட்சும் தீர்மானிக்க முடியாது.

மூன்றாம்வருடம் எழுதியது:

மிகவும் நன்றி. இன்று திணைக்களத்தில் கடிதம் கொடுத்தேன், புதன் பின்னேரம் நாலு மணிக்கு அறை தருவதாகச் சொன்னார்கள். அறிவித்தலை ஆங்கிலம், தமிழ், சிங்களம் மூன்றிலும் எழுதி ஒட்டப் போகிறேன், சிங்களத்துக்கு பட்சில் ஒரு நண்பன் உதவுகிறான். பட்சில் ஒருவன் இப்போதே முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, பரவாயில்லை. கடைசியாக ஒன்று, வர முடியாதவர்களுக்காக சூமில் பதிவு செய்து போடலாமா?

தென்கடல் எழுதியது:

முழுதாகப் பதிவு செய்யாதீர்கள். கமரா ஓடுகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் பிழையாகச் சொல்லப் பயப்படுவார்கள், அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள். வர முடியாதவர்களுக்கு அன்று எடுத்த கணக்குகளை மட்டும் போடுங்கள், விடையில்லாமல். முடிய ஒருவர் வெண்பலகையைப் படம் எடுத்து இரண்டு நாள் கழித்துக் குழுவில் போடட்டும். புதன் முடிந்ததும் எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள், முதல் நாளுக்கு என்ன கணக்கு எடுக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள், என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, அனுப்பி விடுகிறேன்.